பெட்டிக்குப் பின்னாடி இருந்த மீன்

காலைச் சித்த மடக்கிக்கோங்க தம்பி. இந்த வாளி கவுந்துச்சுன்னா உங்க பேண்ட்டு நனைஞ்சு போயிரும். பெயிண்ட் வாளிதானுங்க, ஆனா உள்ள பெயிண்ட் இல்ல. உசுரு இருக்குது. மூடியில பாருங்க, ஆணி வெச்சு ஓட்டை போட்டிருக்குது. காத்து போகோணுமில்லீங்களா? எம்பட பொண்ணு போட்டா. ஒரு கையிலேயே போட்டுட்டா, கெட்டிக்காரி.

மீனுங்க. தொறந்து காட்டறேன், பயப்படாதீங்க, இது கடிக்காது. கடிக்கறது வேற. அது திருப்பூர்லயே இருக்குது, மாப்பிள்ளை வீட்டுத் தொட்டியில. இது பொட்டை. பாத்தீங்களா வாலை? பாதிதான் மிச்சம். இந்தப் பக்கம் செதிலே இல்ல, தோலு தெரியுது. ஒரு கண்ணு வெள்ளையாப் பூத்துப் போச்சு. இருந்தாலும் பாருங்க, வாயை வாயைத் தொறக்குது. பொழைச்சுக்கும்.

நீங்க எங்க எறங்கறீங்க? கரூருங்களா. அப்பச் சரி. நான் வெள்ளகோவில். அதுக்குள்ள எனக்கு நீங்க ஒரு யோசனை சொல்லோணும். படிச்சவராத் தெரியறீங்க.

விசயம் என்னன்னா, எங்கூட்டுக்காரி என்னை அனுப்புனது மீன் கொண்டாரதுக்கு இல்லீங்க. பொண்ணைக் கூட்டிட்டு வரதுக்கு. "போனைப் போட்டுட்டுப் புள்ள பேசவே மாட்டேங்கறா, அழுவற சத்தந்தான் வருது. போங்க. துணிமணியோட கூட்டிட்டு வந்துருங்க. அந்தாளுகிட்ட உக்காந்து நாயம் பேசிட்டு இருக்காதீங்க. வர்றப்ப ரெண்டு டிக்கெட்டு எடுங்க" அப்படின்னு சொல்லித்தான் அனுப்புனா. நான் ஒரு டிக்கெட்டு எடுத்துட்டு, ஒரு வாளியத் தூக்கிட்டு வர்றேன். கண்டக்டரு வேற கேக்கறாரு, "ஏனுங்க பெரியவரே, வாளிக்கு லக்கேஜ் போடட்டுங்களா?"ன்னு. வீட்டுல போயி என்ன சொல்றதுன்னு தெரியல. எங்கூட்டுக்காரி வாயி உங்களுக்குத் தெரியாது.

நானா? மாட்டுத் தரகுங்க. மீசை முளைச்ச நாளா அதே பொழப்புதான். பேரு நாச்சிமுத்து, கண்ணபுரம் சந்தையில கேட்டுப் பாருங்க. மாட்டை நடக்க விட்டா, எந்தக் காலுல நோவுன்னு திரும்பிப் பாக்காமயே சொல்லிப்போடுவேன். குளம்புச் சத்தத்துலயே தெரிஞ்சு போயிரும். எனக்குக் காது அப்படி.

நேத்துப் பொழுது சாயப் போயிச் சேந்தேன். மைனா வந்து கதவைத் தொறந்தா. மைனாவதி, எம்பட பொண்ணு, ஒரே பொண்ணு. மணிக்கட்டுல பட்டைத்துணி சுத்தியிருந்துச்சு. "என்ன கண்ணு கையில?"ன்னேன். "பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்கப்பா"ன்னா. டைல்ஸ் போட்ட வீடு பாருங்க, வழுக்கத்தான் செய்யும். போன பொங்க நோம்பிக்கு எங்கூட்டுக்கு வந்தப்பவும் ஒரு கட்டு, அது அவங்க மாடிப்படியில வழுக்குனது. அவளுக்குச் சின்னதுல இருந்தே நடையில ஒரு அவசரம்.

மாப்பிள்ளை தங்கமானவருங்க தம்பி. பூபதின்னு பேரு, சொந்தமா பனியன் பிரிண்டிங் பட்டறை வெச்சிருக்காரு. குடி கிடையாது. பீடி சிகரெட்டு கிடையாது. சாயங்காலம் ஆச்சுன்னா நேரா வீட்டுக்கு வந்துருவாரு. எங்கயும் போக மாட்டாரு, அவளையும் எங்கயும் தனியா அனுப்ப மாட்டாரு, அவ்வளவு பிரியம். என்னைப் பாத்ததும் "வாங்க மாமா"ன்னு எந்திரிச்சு நின்னு, கறி எடுத்துட்டு வந்து, தானே எனக்கு எலையில வெச்சாரு. "ஈரலு சாப்பிடுங்க மாமா, ஈரலு சாப்பிடுங்க"ன்னு. எத்தனை வீட்டுல தம்பி மாமனாருக்கு ஈரலு வெக்கறாங்க?

அந்த ஹால்லதான் மீன் தொட்டி. கட்டில் நீளம் இருக்கும். பெரிய மீனு ஒண்ணு, செவப்பா, நெத்தியில ஒரு திமிலு. ஆமாங்க, திமிலேதான், நம்ம காளைக்கு முதுகுல இருக்கறது அதுக்கு மண்டையில இருக்குது. வாஸ்து மீனாம். அந்தத் திமிலு பெருசாகப் பெருசாகத் தொழிலும் பெருசாகுமாம். மாப்பிள்ளை கண்ணாடியில வெரலை வெச்சா, அது வந்து முட்டும். இந்தப் பக்கம் வெச்சா இந்தப் பக்கம் முட்டும். "பாத்தீங்களா மாமா வீரத்தை"ன்னு சிரிப்பாரு.

சோடியாத்தான் வாங்கியிருந்தாரு, குஞ்சு எடுக்கலாம்னு. பொட்டையக் காணோமேன்னு கேட்டேன். மைனாதான் காட்டுனா. தொட்டி மூலையில ஒரு கறுப்புப் பெட்டி. ஃபில்டருங்கறாங்க, தண்ணியச் சுத்தம் பண்றது. உள்ள பஞ்சு, ஒரு சின்ன மோட்டாரு. தொட்டி பண்ணறப்பவே பசை வெச்சு கண்ணாடியோட ஒட்டிப்போட்டாங்க. அந்தப் பெட்டிக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவுல ஒரு சந்து. அந்தச் சந்துக்குள்ளதான் இது இருந்துச்சு. ராப்பகலா அங்கதான். பெருசு அந்தச் சந்துல நுழைய முடியாது, மண்டை பெருசு. மைனா கீழ உக்காந்து, பெட்டிக்குப் பின்னாடி ரெண்டு தீனி போடுவா, இது வாயை மட்டும் நீட்டி வாங்கிக்கும். மாப்பிள்ளைக்கு அது புடிக்காது. "அதுக்குத் தனியா ஊட்டாத, வெளிய வந்து திங்கட்டும்"பாரு. நாயந்தானுங்களே.

சாப்பிட்டுக் கை கழுவப் போனப்ப மைனா சமையல்ரூம்ல வெச்சு மெதுவாக் கேட்டா. "அப்பா, நாளைக்கு உங்களோட ஒட்டுக்கா வந்துரட்டுங்களா?" "ஏங்கண்ணு, ரெண்டு நாளைக்கா?"ன்னேன். "இல்லீங்கப்பா"ன்னா. அவ்வளவுதான் பேசுனா. நான் "காலையில பாத்துக்கலாம் போ"ன்னேன்.

சந்தையில ஒரு முறை இருக்குதுங்க தம்பி. தரகன் பேசி முடிச்சு, வித்தவன் கையில இருந்து வாங்குனவன் கைக்குக் கயிறு போயிருச்சுன்னா அதோட சரி. பாலு கொறைஞ்சாலும் சரி, சுழி தப்பா இருந்தாலும் சரி, திருப்பி ஓட்டிட்டு வரக் கூடாது. வந்துச்சுன்னா அப்புறம் அந்தத் தரகன் பேச்சை எவன் மதிப்பான்? நான் முடிச்ச மாடு ஒண்ணுகூடத் திரும்புனதில்ல. இந்தக் கண்ணாலத்தையும் நான்தானுங்க பேசி முடிச்சேன். வேற தரகரு வெக்கல.

சரி, காலையில நடந்ததுக்கு வர்றேன். காப்பி குடிச்சிட்டு இருந்தோம். மாப்பிள்ளை சொல்றாரு, "மாமா, நீங்க இருக்கறப்பவே அந்தப் பெட்டியக் கழட்டிப் போடலாம். வெளிய மாட்டற மாதிரி புது ஃபில்டரு வாங்கி வெச்சிருக்கறேன். பெட்டி போச்சுன்னா தொட்டி பாக்கறதுக்கும் பளிச்சுன்னு இருக்கும், பெருசுக்கும் நீஞ்ச எடம் கெடைக்கும்." நானும் "பண்ணிப்போடலாம் மாப்ள"ன்னேன்.

மைனா அடுப்புக்கிட்ட இருந்து வந்தா. "வேண்டாமுங்க. அதுக்கு ஒளியறதுக்கு வேற எடமில்ல"ன்னா.

"எதுக்கு ஒளியோணும்?"ன்னாரு. சிரிச்சிட்டேதான் கேட்டாரு. "எம்பட வீட்டுல எதுக்கு ஒளியோணும்? இங்க யாரு யாரை என்ன பண்ணிப்போட்டாங்க?"

"அப்படின்னா மீனை ரெண்டையும் எடுத்து வேற வேற வாளியில உட்டுட்டாவது கழட்டுங்க. மீன் கடைக்காரரு அப்படித்தான் பண்ணோணும்னு சொன்னாரு."

"கடைக்காரனை நீ எப்பப் போயிப் பாத்த?"

அவ அடுப்புப் பக்கம் திரும்புனா. அவரு டம்ளரைக் கீழ வெச்சாரு. நான்தான் பேச்சை மாத்தி உட்டேன். "இன்னொரு டம்ளரு காப்பி கொண்டா கண்ணு"ன்னேன். அந்த மாதிரி நேரத்துல பெரியவங்க ஒருத்தரு வீட்டுல இருக்கறது நல்லது பாருங்க.

ரப்பர் குழாய வெச்சுப் பாதித் தண்ணிய எறக்குனோம். மீனை எடுக்கல. எடுத்தா பெருசுக்கு அதிர்ச்சி ஆயிரும்னுட்டாரு. கட்டர் கத்திய எடுத்துட்டுத் தோள் வரைக்கும் கையை உள்ள உட்டாரு. பசைய அறுக்கறது லேசில்ல தம்பி, ரப்பரு மாதிரி இழுக்குது, கத்தி வழுக்குது. மைனா டார்ச் அடிச்சுட்டு நின்னா. "இங்க அடி. இங்கன்னா இங்க. கண்ணு எங்க இருக்குது உனக்கு?" அப்படி வேலை நடந்துட்டு இருந்துச்சு.

பெருசு பாத்துட்டே இருந்துச்சு. ஒரே பாய்ச்சலு. சோறு போடற கையின்னு பாக்கல. கட்டை வெரலுக்குக் கீழ கவ்வி, ஒரு உதறு உதறுச்சு பாருங்க, தண்ணி செவசெவன்னு ஆயிப்போச்சு. மாப்பிள்ளை கத்தியக் கீழ போட்டுட்டுக் கையை இழுத்தாரு. டார்ச் ஆடிருச்சு. யாரா இருந்தாலும் ஆடத்தானுங்க செய்யும். அவரு திரும்பி மைனாவை ஒண்ணு வெச்சாரு.

இல்லீங்க தம்பி, அப்படிப் பாக்காதீங்க. மீனை அடிக்க முடியுங்களா? வாஸ்து மீனு. வலிக்குது, கோவம் எங்கயாச்சும் போகோணுமில்ல? அதுவும் ஈரக் கை. ஈரக் கையில அடிச்சா சத்தந்தான் பெருசாக் கேக்கும். அவ கன்னத்துல இருந்த ரத்தம் அவரு வெரல்ல இருந்து ஒட்டுனது. நான் நல்லாப் பாத்தேன். அவளோடது இல்ல.

அதுக்கப்புறம் வேலை வேகமாப் போச்சு. கத்திய உட்டுட்டு ஸ்க்ரூ டிரைவரையும் சுத்தியலையும் எடுத்துட்டாரு. பெட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவுல குடுத்து ஓங்கி ஓங்கி அடிக்கறாரு. கண்ணாடி ஒடைஞ்சிருமோன்னு நான் ஒரு எட்டுப் பின்னாடி போறேன். மீனு ரெண்டும் அடிக்கு அடி துள்ளுது. அந்த ஸ்டாண்டே ஆடுது. "மாமா, புடிங்க! புடிச்சு இழுங்க!"ங்கறாரு. கன்னுக்குட்டி வயித்துல மாட்டிக்கிட்டா கையை உட்டு இழுப்போம் பாருங்க, அந்த மாதிரி நான் ரெண்டு கையும் உட்டு இழுத்தேன். இந்த வயசுலயும் எம்பட கையில பலம் இருக்குதுங்க. சடக்குன்னு ஒரு சத்தம். பெட்டி கையோட வந்துருச்சு. பாதிப் பெட்டி. மீதியச் சுத்தியலாலயே நொறுக்கி எடுத்தாரு.

சந்துல இருந்தது நகரவே இல்லீங்க. பெட்டி போனது அதுக்குத் தெரியல போல. வெறும் மூலையில, கண்ணாடியோட ஒட்டி, அப்படியே நின்னுட்டு இருந்துச்சு.

பெருசு ஒரு சுத்துச் சுத்தி வந்துச்சு. அப்புறம் அடிச்சுது பாருங்க. மாடு முட்டி நான் பாத்திருக்கறேன், கொம்பு ஏறிக் கொடலு சரிஞ்சதைப் பாத்திருக்கறேன். இது அப்படியில்ல. மாடு ஒரு தடவை முட்டிட்டு நின்னு பாக்கும். இது நிக்கல. வயித்துல முட்டுச்சு, திருப்பிப் போட்டு வாலைக் கடிச்சுது, கண்ணாடியில கொண்டு போயி அறைஞ்சுது. செதிலு செதிலாத் தண்ணியில பறக்குது. இது எங்க போகும்? பாதித் தண்ணி. நாலு பக்கமும் கண்ணாடி. போன பக்கமெல்லாம் வெளிய தெரியுது, ஆனா வழி இல்ல.

"எடுங்க, எடுங்க"ன்னு மைனா கத்துறா. மாப்பிள்ளை கையில துணி சுத்திட்டே பாத்துட்டு நிக்கறாரு. "உடு. ரெண்டு நாள்ல பழகிரும்"னாரு. நானும் சொன்னேன், "பழகிரும் கண்ணு, புதுசுல அப்படித்தான் இருக்கும்"னு. முட்டற மாட்டைத் தனியாத்தான் கட்டோணும், அது எனக்குத் தெரியும், சந்தையில சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். ஆனா மீனு சமாச்சாரத்துல நமக்கென்னங்க தெரியும்?

அவ திடீர்னு கையை உள்ள உட்டுட்டா. துணி சுத்துன கையோட. ரெண்டுக்கும் நடுவுல கையை உட்டுட்டா. பெருசு அவ கையையும் கடிக்குது, அவ எடுக்க மாட்டேங்கறா. மாப்பிள்ளை சடையைப் புடிச்சாரு. "பெருசுக்கு ஏதாச்சும் ஆச்சு, உன்னை…"ன்னு இழுத்தாரு. இழுத்ததுல அவ தலை அந்த ஸ்டாண்டு இரும்பு மூலையில போயி இடிச்சுது. நான் "மாப்ள, மாப்ள"ன்னேன். சொன்னேனுங்க. கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருப்பேனாட்டம் இருக்குது, அவருக்குக் கேக்கல.

ஆனா அவ கையை மூடிட்டுத்தான் வெளிய வந்தா. கைக்குள்ள இது. தரையில உக்காந்துட்டா. நெத்தியில இருந்து ஒழுகறதைத் தொடைக்கக்கூட இல்ல, இதைக் கொண்டு போயிக் குடிக்கற தண்ணிக் குண்டாவுல உட்டா.

"அதை வெளிய வீசு, இல்லாட்டி உங்கப்பன் ஊட்டுக்குக் குடுத்து அனுப்பு. இந்த ஊட்டுல அது இருக்கக் கூடாது"ன்னாரு மாப்பிள்ளை. சொல்லிட்டு எங்கிட்டத் திரும்பி, "நீங்க தப்பா நெனைக்காதீங்க மாமா, ஒரு டென்சன்"ன்னாரு. மருவாதி தெரிஞ்சவரு. அந்த நேரத்துலயும் எங்கிட்ட ஒரு வார்த்தை தப்பாப் பேசல.

நான் கெளம்பறப்ப அவதான் இந்த வாளியத் தேடியெடுத்து, மூடியில ஓட்டை போட்டு, எங்கிட்டக் கொண்டாந்து குடுத்தா. "இதையாவது கூட்டிட்டுப் போங்கப்பா"ன்னா. எம்பட பொண்ணுக்கு எளகுன மனசு தம்பி. தன்னோட வலியப் பாக்கல, ஒரு மீனுக்காக அப்படி. எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு. "நம்ம தொட்டியில உட்டு நல்லாப் பாத்துக்கறேன் கண்ணு. நீ அனுசரிச்சுப் போ"ன்னு சொன்னேன். தலைய ஆட்டுனா.

இவ்வளவுதானுங்க. இப்பச் சொல்லுங்க, எங்கூட்டுக்காரிகிட்ட இதை எப்படி ஆரம்பிக்கறது? கையைப் பத்திச் சொல்லாம உட்டர்லாமா? நெத்தியும் வேண்டாம். மீனைக் காட்டி ஆரம்பிச்சா கொஞ்சம் எளக்கமாகும்னு நெனைக்கறேன்.

ஒண்ணு பண்ணுங்க. நீங்க எங்கூட்டுக்காரியா இருந்து கேளுங்க. வெக்கப்படாதீங்க, பஸ்சுல யாரு நம்மளப் பாக்கறாங்க? நான் பதிலு சொல்லிப் பாக்கறேன். எது சரியா வரலயோ அதை மாத்திக்கலாம்.

ம்.

"புள்ளைய எங்க?" இது முதல்லயே கேப்பா, சரிதான். அவ நல்லா இருக்கறா அம்மிணி, ஒரு வாரத்துல ரெண்டு பேருமா வர்றேன்னாங்க. எப்படி? சரியா வருதுங்களா?

"அவ வாயால சொன்னாளா?" அது… மாப்பிள்ளை சொன்னாரு. அவ பக்கத்துல நின்னா. ரெண்டும் ஒண்ணுதானே.

"வழியனுப்ப வந்தாளா?" வரலீங்க. எப்பவும் பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வருவா, என்னோட பையத் தூக்கிட்டு வருவா. இன்னிக்கு வரல. மாப்பிள்ளைதான் வாசல் வரைக்கும் வந்தாரு. "பாத்துப் போங்க மாமா"ன்னாரு. நான் படியெறங்கறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாரு. தாப்பாளும் போட்டாரு, எனக்குக் கேட்டுச்சு.

அப்புறம்னா? அப்புறம் ஒண்ணுமில்ல. நான் செருப்பு மாட்டிட்டு இருந்தேன். இந்த வாளி ஒரு கையில, பை ஒரு கையில, அதனால நேரமாச்சு. உள்ள ஏதோ விழுந்த சத்தம் கேட்டுச்சு. டேபிளு சாஞ்சிருக்கும்னு நெனைச்சேன். நின்னேன். மறுக்கா கேட்டுச்சு. மறுக்கா டேபிளு சாஞ்சிருக்கும்.

ஏனுங்க இப்படிப் பாக்கறீங்க? எங்கூட்டுக்காரி இவ்வளவு தோண்டிக் கேக்க மாட்டா. கேப்பா. கேப்பாதான்.

தம்பி.

அந்த வீட்டு ஹால்ல டேபிளு இல்லீங்க. கீழ உக்காந்துதான் சாப்பிட்டோம்.

எந்த ஊருங்க இது, காங்கேயமா? ஸ்டாண்டுக்குள்ளயா வந்துட்டோம்? கண்டக்டரே! ஏனுங்க கண்டக்டரே, விசில் ஊதிராதீங்க, ஒரு ஆளு எறங்கோணும்! இல்லீங்க தம்பி, ஒண்ணுமில்ல, துண்டை மறந்து வெச்சுட்டு வந்துட்டேன் மாப்பிள்ளை வீட்டுல. தோள்ல இருக்குதுங்களா? இது வேற துண்டு. அதோ, எதுத்தாப்புல நிக்கறது திருப்பூரு வண்டிதானுங்களே? போர்டு எனக்குத் தெரியல, படிச்சுச் சொல்லுங்க. திருப்பூருதான? நிறுத்தச் சொல்லுங்க, யாராச்சும் அந்த வண்டியச் சித்த நிறுத்தச் சொல்லுங்க.

வேண்டாமுங்க, வாளியக் குடுக்காதீங்க. நீங்களே வெச்சுக்கோங்க. எனக்கு ரெண்டு கையும் வேணும்.